நோன்பு மாசம் தம்மாமில்: நாலு மணிக்கு டியூட்டி முடிஞ்சா அப்புறம் என்ன செய்ய?

மார்த்தாண்டம்_மட்டிப்பழம்:

அண்ணன்மாரே, வணக்கம். சவூதியில் தம்மாமில் ஒரு கிட்டங்கியில் (குடோன்) ஸ்டோர் கீப்பர் வேலை. 2027 ரமலான் நோன்பு பிப்ரவரி 8 வாக்கில் தொடங்கும் என்கிறார்கள். எங்கள் கம்பெனியில் அந்த மாசம் எல்லாருக்கும் காலை 10 முதல் சாயங்காலம் 4 வரைதான் டியூட்டி. நாலரைக்கு ரூமுக்கு வந்துவிட்டால் ராத்திரி வரைக்கும் நேரம் சும்மா கிடக்கும்.

ரூமில் நாலு பேர். மலப்புறம் இக்கா ஒருத்தர், தேங்காப்பட்டணம் அண்ணன் ஒருத்தர், ரெண்டு பேரும் நோன்பு வைப்பார்கள். ஒருத்தர் சித்தூர் பக்கத்துத் தெலுங்குக்காரர். நான் வேதக்காரன், கிறிஸ்தவன். பிப்ரவரி 10 சாம்பல் புதன், அதனால் எனக்கும் தவக்காலம்தான்.

கேட்க வேண்டியது மூணு. ஒண்ணு, அந்த நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது? போனைத் தள்ளித் தள்ளியே மாசத்தை ஒழிக்க மனசில்லை. ரெண்டு, பகல் சாப்பாட்டுக்கு என்ன வழி? மூணு, உருப்படியாக ஒண்ணு படிக்கலாம் என்றால் எதைப் படிக்க?

----

தக்கலை_தபால்பெட்டி:

தம்பி, முதலில் அந்த ஊர் கடிகாரத்தைப் புரிஞ்சுக்கோ. மத்ததெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

பிப்ரவரி நடுவில் தம்மாமில் சூரியன் அடைவது அஞ்சரை மணி வாக்கில். நோன்பு முடியும்போது அது அஞ்சே முக்கால் ஆகியிருக்கும். சாதாரண மாசங்களில் சவூதியில் மஃரிப் பாங்குக்கு, அதாவது சூரியன் அடைந்ததும் தொழக் கூப்பிடுகிற அழைப்புக்கு, ஒன்றரை மணி நேரம் கழித்து இஷா என்கிற ராத்திரித் தொழுகை. நோன்பு மாசத்தில் மட்டும் அதை ரெண்டு மணி நேரம் ஆக்கியிருப்பார்கள், சாப்பிட்டு முடித்து வரட்டும் என்று. ஆக இஷா ஏழரைக்கு. அதுக்குப் பின்னால் தராவீஹ், நோன்பு மாசத்து ராத்திரிகளில் மட்டும் உள்ள தொழுகை. பள்ளிவாசலைப் பொறுத்து எட்டு ரக்அத்தோ (தொழுகைச் சுற்று) இருபதோ தொழுவார்கள். ரூமுக்குத் திரும்ப எட்டே முக்கால், ஒன்பது ஆகும்.

இதில் உனக்கு என்ன இருக்கு? ஏழேகாலில் இருந்து ஒன்பது வரை ரூம் பாதி காலி. நாலு பேர் கிடக்கிற ரூமில் ஒன்றரை மணி நேரம் சத்தமில்லாமல் கிடைப்பது வருஷத்தில் இந்த ஒரு மாசம்தான். படிப்பு எதுவானாலும் அங்கே வை. நாலரைக்கு வந்த கையோடு படிக்க உட்காராதே. அந்த நேரம் நோன்பு வைத்தவர்களுக்குக் கடைசி ஒரு மணி நேரம். ஒருத்தர் படுத்துக் கிடப்பார், ஒருத்தர் அடுக்களையில் நிற்பார், லைட்டைப் போடுவதா அணைப்பதா என்பதிலேயே முகம் கோணும்.

நாலரைக்கு வீட்டுக்குக் கூப்பிடு. நம்ம ஊரில் அப்போ மணி ஏழு, எல்லாரும் விளக்கு வைத்து வீட்டில்தான் இருப்பார்கள். தராவீஹ் முடிந்து ஒன்பதுக்குக் கூப்பிட்டால் அங்கே பதினொன்றரை; அம்மை பதறிப்போய் எடுப்பார்.

அஞ்சு மணிக்கு மேல் ரோட்டில் நிற்காதே. பாங்குக்கு முந்தின அரை மணி நேரம் எல்லாரும் பறப்பார்கள், பசியில் கவனமும் இருக்காது. வண்டி ஓட்டினாலும் சரி, நடந்தாலும் சரி, அந்த நேரம் உள்ளேயே இரு. எக்குத்தப்பாக மாட்டிக்கொண்டால் சிக்னலில் பையன்கள் பேரீச்சம்பழமும் வெள்ளமும் (தண்ணீர்) போட்ட பொட்டலம் நீட்டுவார்கள். வாங்கிக்கோ, யாரும் உன் மதம் கேட்கப் போவதில்லை. பாங்கு சொன்ன பிறகு ஒரு மணி நேரம் ரோடு காலியாகக் கிடக்கும். ஓட, வேகமாக நடக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஆனால் அஞ்சரைக்கு முன்னால் இறங்கி கார்னிஷில் (கடற்கரை நடைபாதை) வெள்ளம் குடித்துக்கொண்டு ஓடக் கூடாது, அது தனிக் கதை.

தூக்கம்: ராத்திரி 11 மணிக்குப் படுத்துவிடு, காதுக்குப் பஞ்சு வை. ஊரோடு சேர்ந்து விடியும்வரை விழித்திருந்தால் பத்தாம் நாளில் ஸ்டோர் கணக்கு தப்பும்.

ஒரு மாசமும் ஒரே மாதிரி ஓடாது. முதல் வாரம் எல்லாரும் தளர்ந்து கிடப்பார்கள். ரெண்டாம் வாரம் உடம்பு பழகும். தராவீஹுக்குப் பின்னால் வாலிபால், கால்பந்து, கிரிக்கெட் எல்லாம் அப்போதுதான் சூடு பிடிக்கும், பத்து மணியில் இருந்து ஒரு மணி வரை. கடைசிப் பத்து நாளில் நடுச்சாமத்துக்குப் பின்னும் தொழுகை உண்டு, ரூம்காரர்கள் வர ரெண்டு மூணு மணி ஆகும். அதே நாட்களில்தான் நோன்புப் பெருநாள் கூட்டமும். முடிவெட்ட, துணி தைக்க, ஏடிஎம்மில் நிற்க எல்லாவற்றுக்கும் வரிசை. இருபதாம் நோன்புக்குள் இதையெல்லாம் முடித்துவிடு. வங்கிகள் பொதுவாக பத்து முதல் நாலு வரைதான், அதாவது உன் டியூட்டி நேரமேதான். நேரில் போக வேண்டிய பாஸ்போர்ட், வங்கி வேலை இருந்தால் நோன்புக்கு முந்தின வாரமே பார்த்துவிடு.

----

தேங்காப்பட்டணம்_தோணி:

தபால்பெட்டி அண்ணன் சொன்னதில் தூக்கம் மட்டும் நடக்காத காரியம். மூன்றரைக்கு அதே ரூமில் குக்கர் விசில் அடிக்கும், மூணு போன்களில் அலாரம் அடிக்கும். பஞ்சு வைத்து அதை அடக்க முடியாது. நடுவில் எழுப்பிவிடப்பட்டு மறுபடி புரண்டு படுப்பதுதான் ஆளைக் கொல்லும். அதுக்குப் பதிலாகத் தூக்கத்தை ரெண்டாக உடைக்கணும். 11 முதல் 3.45 வரை ஒண்ணு, காலை 6 முதல் 8.30 வரை ஒண்ணு. மொத்தம் ஏழேகால் மணி நேரம். பத்து மணிக்குத் தொடங்குகிற டியூட்டிக்கு அது தாராளம். சஹருக்கு (விடியலுக்கு முந்தின சாப்பாடு) அவர்களோடு எழுந்து ஒரு சாயா குடி. ஃபஜ்ர் (விடியற்காலைத் தொழுகை) பாங்கு மாசத் தொடக்கத்தில் அஞ்சு மணி வாக்கில், அதுக்குப் பிறகு ஒரு மணி நேரம் தலை தெளிவாக இருக்கும்.

சாப்பாடு. பொது இடத்தில் எதுவும் வாயில் வைக்காதே. காரும் பொது இடம்தான். சிகரெட், சூயிங்கம் எல்லாம் அதில் சேர்த்தி. சவூதியில் அதுக்கு வேலையும் போகலாம், ஊருக்கும் அனுப்பிவிடலாம். கிட்டங்கியில் லோடு இறக்க வருகிற டிரைவர்கள் காலையில் இருந்து வெள்ளம் இல்லாமல் வருவார்கள், அதனால் உன் மேசை மேல் பாட்டிலே தெரிய வேண்டாம், டிராயரில் வை. நோன்பில்லாதவர்களுக்குக் கதவடைத்த அறை ஏதாவது ஒதுக்கியிருக்கிறார்களா என்று முதல் நாளே சூப்பர்வைசரிடம் கேட்டுக்கோ.

ஆறு மணி நேர டியூட்டிதானே, மதியச் சாப்பாட்டையே தூக்கிவிடலாம். ஒன்பது மணிக்கு ரூமில் வயிறு நிறையச் சாப்பிடு, அடுத்தது அஞ்சரைக்கு எங்களோடு. நடுவில் தாங்காது என்றால் வாயகன்ற பிளாஸ்கில் கஞ்சியும் பயறும். பிளாஸ்கில் முதலில் கொதிக்கிற வெள்ளம் ஊற்றி அஞ்சு நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை ஊற்றி மூடணும். குளிர்ந்த பிளாஸ்கில் ஊற்றினால் சூட்டைப் பாதி அதுவே குடித்துவிடும், ஒரு மணிக்குத் திறந்தால் வெதுவெதுப்பாகி புளிப்பு தட்டும். தேங்காய் போட்ட துவையல் அதோடு கலந்து வைக்காதே, அதுதான் முதலில் கெடும். மீன் வறுவல் வேண்டவே வேண்டாம், மணம் கிட்டங்கி முழுக்கப் போகும்.

இனி பொழுதுபோக்கு கேட்டாய். அஞ்சு மணிக்கு அடுக்களைக்கு வா. அதுதான் பொழுதுபோக்கு. நோன்பு வைத்தவனால் உப்பு பார்க்க முடியாது, அதனால் ரூமில் நோன்பில்லாத ஒருத்தன் இருந்தால் அவன்தான் ராஜா.

நாலு பேருக்கு நோன்புக் கஞ்சி: பச்சரிசிக் குருணை 150 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெந்தயம் ஒரு டீஸ்பூன். மூணையும் நாலரைக்கே கழுவி அரை மணி நேரம் ஊறப்போடு. அஞ்சு லிட்டர் குக்கரில் ரெண்டு ஸ்பூன் எண்ணெய், பட்டை ஒரு துண்டு, கிராம்பு ரெண்டு, சின்ன வெங்காயம் பத்து, இஞ்சி பூண்டு விழுது ஒரு பெரிய ஸ்பூன், தக்காளி ஒண்ணு, பச்சை மிளகாய் ரெண்டு, கொஞ்சம் புதினா மல்லி. வதங்கினதும் அரிசி பருப்பு, ரெண்டு லிட்டர் வெள்ளம், உப்பு. முதல் விசில் வரை நல்ல தீ, பிறகு சிறு தீயில் அஞ்சு விசில். ஆவி தானாக அடங்கின பிறகு திறந்து கரண்டியால் மசித்து, கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு டம்ளர் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடு.

தப்பும் இடங்கள் மூணு. குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பினால் கஞ்சி நுரைத்து விசில் துவாரத்தை அடைக்கும். சுவரெல்லாம் தெளிப்பதோடு போகாது, ஆபத்து. தேங்காய்ப்பால் ஊற்றின பிறகு கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். பருப்பை ஊறவைக்காமல் போட்டால் அடியில் ஒட்டிக் கரியும், அந்த வாடை மொத்தக் கஞ்சிக்கும் ஏறும். ஆறினால் கெட்டியாகிவிடும், அப்போ சுடுவெள்ளம்தான் ஊற்றணும், பச்சை வெள்ளம் ஊற்றினால் தனித்தனியாக நிற்கும்.

பாங்கு சொன்ன உடனே யாரும் கஞ்சியில் கை வைக்க மாட்டார்கள். பேரீச்சம்பழம், வெள்ளம், பிறகு தொழுகை, வந்துதான் கஞ்சி. அந்தப் பத்து நிமிஷம் கஞ்சியைச் சூடாக வைத்திருப்பதுதான் உன் வேலை.

----

பாறசாலை_பாசஞ்சர்:

ஒரு சின்னத் திருத்தம். "எல்லாருக்கும் ஆறு மணி நேரம்" என்பது உங்கள் கம்பெனியின் நல்ல மனசு. சவூதித் தொழிலாளர் சட்டம் 98-ம் பிரிவு நாளுக்கு 6 மணி, வாரத்துக்கு 36 மணி என்று குறைப்பது முஸ்லிம் தொழிலாளருக்கு மட்டும். நடுவில் உன்னை எட்டு மணி நேரம் நில் என்றால் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. ஓமானிலும் அப்படித்தான், அங்கே முஸ்லிம்களுக்கு வாரம் 30 மணி. அமீரகத்தில் தனியார் வேலையில் எல்லாருக்கும் ரெண்டு மணி நேரம் குறையும், கத்தாரிலும் 36 மணி எல்லாருக்கும் பொது.

நம்மாட்கள் அடிக்கடி நாடு மாறுவதால் இதையும் சொல்கிறேன். துபாயில் 2021 முதல் உணவகங்கள் பகலில் திரை கட்ட வேண்டியதில்லை. அதைப் பார்த்துப் பழகினவன் குவைத்துக்குப் போய் அதே மாதிரி நடந்தால் 1968-ம் வருஷத்து 44-ம் எண் சட்டம் காத்திருக்கு: 100 தினார் வரை அபராதம், ஒரு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்த்தும் கிடைக்கலாம்.

பெருநாள் விடுமுறை சவூதித் தனியார் கம்பெனிகளில் நாலு நாள், 29-ம் நோன்புக்கு மறுநாள் தொடங்கும். பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆவதால், திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் போடுகிறவர்கள் 29-ம் நாள் ராத்திரிக்குப் போடாதீர்கள். அன்று டியூட்டி உண்டா என்று யாருக்கும் தெரியாது.

----

மார்த்தாண்டம்_மட்டிப்பழம்:

எல்லாருக்கும் நன்றி அண்ணன்மாரே. ஏழேகால் முதல் ஒன்பது, அதைப் பிடித்துக்கொண்டேன். அதில் அரபி எழுத்து படிக்கலாமா? பேச்சு கொஞ்சம் வரும், வாசிக்க ஒரு எழுத்தும் தெரியாது. முப்பது நாளில் நடக்கிற காரியமா? எனக்கு வேண்டியது டெலிவரி நோட்டும் பெட்டி மேல் உள்ள தேதியும்தான்.

----

செங்கோட்டை_ரயில்:

நடக்கும். எழுத்து 28, நோன்பு 29 அல்லது 30. நாளுக்கு ஒண்ணு என்று போகாதே, அது பள்ளிக்கூட வழி, பாதியில் அலுக்கும். ஸ்டோர்காரனுக்கு எண்தான் முதலில்.

அரபி எண்கள் இடமிருந்து வலமாகத்தான் ஓடும், எழுத்துதான் வலமிருந்து இடம். குழப்புவது அஞ்சு. வெறும் புள்ளி என்றால் பூஜ்யம். நாம் பூஜ்யம் என்று நினைக்கிற வட்டம் அங்கே அஞ்சு. நம் ஏழு மாதிரி தெரிவது ஆறு. கவட்டை மாதிரி மேலே விரிந்தால் ஏழு, அதையே கவிழ்த்துப் போட்டால் எட்டு. இன்னொரு கண்ணி ரெண்டும் மூணும்: குச்சியின் தலையில் ஒரு வளைவு என்றால் ரெண்டு, ரெண்டு வளைவு என்றால் மூணு. கையெழுத்தில் அந்த இரண்டாவது வளைவை இழுத்து மழுக்கிவிடுவார்கள், மூணு ரெண்டு மாதிரித் தெரியும். அளவு 30 என்பதை 20 என்று ஏற்றிவிட்டால் மாசக் கடைசியில் பத்துப் பெட்டி கணக்கில் வராமல் முழிப்பாய். முதல் மூணு நாள் இதை மட்டும் செய். வண்டி நம்பர் பலகை பார்த்தே பழகலாம், அதில் ரெண்டு வகை எண்ணும் மேலும் கீழுமாக இருக்கும்.

அடுத்து எழுத்து. உருவம் பார்த்துக் கூட்டமாகப் படி. பா, தா, ஸா மூணும் ஒரே தோணி உருவம், புள்ளிதான் வித்தியாசம்: கீழே ஒண்ணு, மேலே ரெண்டு, மேலே மூணு. ஜீம், ஹா, ஃகா இன்னொரு கூட்டம். 28-ம் இப்படிப் பார்த்தால் பாதி உருவங்களாகச் சுருங்கிவிடும். எழுத்து சொல்லின் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் உருவம் மாறும் என்று பயமுறுத்துவார்கள். பெரும்பாலான எழுத்துகளில் மாறுவது வால் மட்டும்தான், தலையும் புள்ளியும் அப்படியே நிற்கும். அலிஃப், தால், ஃதால், ரா, ஸாய், வாவ் ஆகிய ஆறும் தனக்குப் பின்னால் வரும் எழுத்தோடு கை கோக்காது. இந்த ஆறைத் தெரிந்துகொள்ளாதவன்தான் ஒரு சொல்லை ரெண்டாகப் பிரித்து வாசிப்பான்.

ரெண்டு வாரத்தில் இது முடியும். மீதி ரெண்டு வாரம் பெட்டிதான் பாடப்புத்தகம். தயாரித்த தேதிக்கு "இந்தாஜ்", காலாவதிக்கு "இந்திஹா" என்று போட்டிருக்கும். ரெண்டு சொல்லுக்கும் முன்பாதி எழுத்துகள் ஒண்ணுபோலவே இருப்பதால் அவசரத்தில் மாற்றிப் படிப்பது சகஜம். கடைசி எழுத்தைப் பார்: ஜீமில் முடிந்தால் தயாரித்த தேதி. வருஷம் 1448 என்று இருந்தால் பதறாதே, அது ஹிஜ்ரி.

சந்தேகம் கேட்க ஆள் தேடி அலைய வேண்டாம். உன் ரூமிலேயே சின்ன வயசில் மதரசாவில் ஓதின ரெண்டு பேர் இருக்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் தமிழையே அரபி எழுத்தில் எழுதின வழக்கமும் உண்டு, அரபுத் தமிழ் என்பார்கள். உன் பெயரை, ஊர்ப் பெயரை அப்படி எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. 'பழம்' என்பதில் வரும் 'ப'வுக்கு (p) அரபியில் எழுத்து இல்லை, 'பா'வை (b) போட்டுச் சமாளிப்பார்கள் என்பதெல்லாம் எழுதும்போதுதான் உறைக்கும்.

----

குளச்சல்_கொச்சுவள்ளம்:

தவக்காலம் பற்றி யாரும் சொல்லவில்லை.

சவூதியில் வேதக்கோயில் கிடையாது. ரூமுக்குள் தனியாக ஜெபிப்பதற்குத் தடையில்லை. கூட்டம் கூட்டினால்தான் சிக்கல். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, நம்ம சிலுவைப்பாதை ஜெபமும் வெள்ளிதான். மதியம் ரூம்காரர்கள் ஜும்ஆவுக்கு (வெள்ளித் தொழுகை) போகிற நேரத்தில் பதினாலு ஸ்தலமும் அமைதியாக முடிக்கலாம்.

சாம்பல் புதன் ஒருசந்தியை (உபவாசம்) முதல் நாளே ரூமில் சொல்லி வை. சாயங்காலம் சிக்கன் சமோசா நீட்டும்போது வேண்டாம் என்றால் தப்பாக நினைக்கக் கூடாதல்லவா. "இன்னைக்கு எனக்கும் நோன்பு, கறி கூடாது" என்றால் இக்காவுக்கு ஒரு நொடியில் புரியும். கறி தொடாத சுத்தபோசன நாட்களில் உன் பங்குக்குக் கஞ்சியும் பழமும் போதும். பெருநாள் மார்ச் 9, 10 வாக்கில் வந்துவிடும், பெரிய வெள்ளி மார்ச் 26-ல்தான். பெருநாள் பிரியாணி வெள்ளிக்கிழமை இல்லை என்பதால் தப்பித்தாய்.

பஹ்ரைன் போய் வரலாமே என்று ஆசை வரும். கடல் பாலம் 25 கிலோமீட்டர்தான், மனாமாவில் திரு இருதய ஆலயமும் அவாலியில் 2021-ல் திறந்த பேராலயமும் உண்டு. ஆனால் பஹ்ரைன் விசா, சவூதி எக்ஸிட் ரீ-என்ட்ரி (வெளியே போய்த் திரும்பி வர அனுமதி) ரெண்டும் கையில் இல்லாமல் பாலத்தில் ஏறாதே. நோன்பு வாரக் கடைசி ராத்திரிகளில் அங்கே வண்டி நகராது.

இன்னொண்ணு, முக்கியம். நோன்பு மாசத்தில் உதவி செய்யலாம் என்று நல்ல மனசோடு வாட்சாப்பில் வசூல் போட்டுப் பணம் திரட்டுவார்கள். அனுமதி பெற்ற அமைப்புகள் தவிர வேறு யாரும் சவூதியில் நன்கொடை திரட்டக் கூடாது, அமீரகத்திலும் அதே கதை. உன் போனில், உன் கணக்கில் அந்தப் பணம் வரவே வேண்டாம். கை கொடுக்கணும் என்றால் பள்ளிவாசலுக்குப் பக்கத்து இஃப்தார் (நோன்பு திறக்கிற) பந்தலில் பாய் விரிக்க, பொட்டலம் கட்ட நாலரைக்குப் போய் நில். ஆள் எப்போதும் குறைவுதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

----

தேங்காப்பட்டணம்_தோணி:

பந்தலுக்குப் போகிற அன்று கஞ்சியை யார் பார்ப்பது என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போ. தெலுங்குக்கார அண்ணனிடம் விட்டால் மிளகாயை மட்டும் நீயே எண்ணிக் கொடுத்துவிடு.